முப்பத்திரண்டு படிகள்

10-9-1968, செவ்வாய்

தொழிற்சாலைத் தூசியால் வந்த இழுப்பு இனி என்னை வேலை செய்ய விடாது என்று அரசாங்க டாக்டர் சான்று கொடுத்தால்தான் உதவித்தொகை கிடைக்கும். அவர் உட்கார்ந்திருப்பது இரண்டாவது மாடியில். சென்ற மாதம், படியேற வேண்டுமே என்று மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். இழுப்பு அடங்கிவிட்டது. நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தவர், நான் ஆரோக்கியமாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். மறுபடி மனுப் போட்டேன்.

இன்று மாத்திரை போடவில்லை. என்னோடு வேலை பார்த்த முனுசாமி இன்னும் மூன்று பேரோடு, மாடிப்படியடியில் நாற்காலி வைத்துக்கொண்டு நின்றான். "குந்து நைனா. நாலு பேரு தூக்கினு போயிர்றோம்."

"நாலு பேரு தூக்குற நாளு தானா வரும். நீ இன்னாத்துக்கு அவசரப்படுற?"

"வீம்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று என் மனைவி பிலோமினா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே ஏறினாள். படிக்குப் படி உட்கார்ந்து ஏறியதில் ஒரு மணி நேரம் ஆயிற்று. என் மூச்சுச் சத்தம் எனக்கு முன்பே அறைக்குள் போய்விட்டது.

டாக்டர் குழலை எடுக்கவே இல்லை.

"படியேற முடியுதா?"

"முடியல சார்."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"நீங்க கூப்ட்டீங்களே."

டாக்டர் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

பள்ளியிறுதித் தேர்வில் தேறியபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை இல்லை. இறங்கும்போதும் முனுசாமியின் நாற்காலியைத் தொடவில்லை. படுத்தால் மூச்சு முட்டும்; இப்போது வழக்கம்போல் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும். இன்று முதல் அதற்கு அரசாங்கத்தின் ஒப்புதல் உண்டு.