மஞ்சணத்தி அருவிக்கு யார் வந்தது?

மே 22, வியாழன்

ஆசிரியர் சென்னையிலிருந்து போன் செய்தார். ஜூலை இதழில் எனக்கு இரண்டு பக்கம். "சிரிக்கிற மாதிரி குடும்மா. போன தடவை ரொம்ப யோசிக்க வச்சுட்ட."

எம்.ஏ. படித்ததன் பின்விளைவு.

மே 24

சாரல் தொடங்கிவிட்டது. தென்காசி முழுக்க ஈரத்துண்டு வாசனை. தோழி சுஜிதாவை அருவிக்குக் கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வா" என்றாள்.

போன வருடம் மஞ்சணத்தி அருவியில் அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு உடை மாற்றும்போது ஒருத்தன் போனைத் தூக்கினான். சத்தம் போட்டோம். ஓடிவிட்டான். அதில் என்ன பதிவாயிற்று, எங்கே போயிற்று? தெரியாது. தெரியாததுதான் அவளைச் சொந்த ஊர் சுரண்டையிலேயே உட்கார வைத்திருக்கிறது.

அங்கே பெண்கள் உடை மாற்றும் அறை இருக்கிறது. திறந்துவைத்தவர் பெயரோடு கல்வெட்டு இருக்கிறது. பூட்டு இருக்கிறது. உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் கால் உடைந்த நாற்காலிகளும் வசதியாக உடை மாற்றிக்கொள்கின்றன.

மனு கொடுத்துப் பார்த்தாயிற்று. அறை வாசலில் ரம்புட்டான் விற்கும் உலகம்மை அக்காதான் பழைய சேலையை விரித்துப் பிடித்து ஒவ்வொருத்திக்கும் மறைப்பு. "கை கடுக்குட்டி. கட்டின சுவரு அங்கன சும்மா நிக்குது. நான் இங்கன சுவரா நிக்கேன்."

மே 27

பிரதான சாலையில் இன்று யாரோ பெரிய அதிகாரி போனார். இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் கோடு. கோடு விழுந்தால் யாரோ வருகிறார். யாரோ வந்தால் விளக்கு எரியும், குழி மூடும், நாய்கள் விடுப்பில் போகும்.

கோடு மட்டும் முதலில் வந்துவிட்டால்?

மே 28

அருவி வரை நாமே கோடு போடலாம் என்று போனில் சுஜிதாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, தூக்கி உள்ள வச்சிருவாவ."

"கோலம் போட்டதுக்கா?"

போனை வைத்துவிட்டாள். பிறகு அவளே கூப்பிட்டு, "ரோடு வரைக்கும் வாரேன். அருவிப் பக்கம் வர மாட்டேன்."

மே 30, வெள்ளி

விடியலில் போட்டோம். கோலமாவு, வாசனைக்குக் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். நம் ஊரில் அதிகாரத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. அது இல்லாமல் யாரும் நம்பமாட்டார்கள்.

பால்காரர் வண்டியை நிறுத்தினார். "என்ன தாயி, ரோட்டுல கோலமா?" "ஆமா அண்ணாச்சி." போய்விட்டார். குனிந்த பெண், கையில் வெள்ளைப் பொடி. உலகத்தில் இதைவிடச் சந்தேகமற்ற காட்சி இல்லை.

சுஜிதா கணக்கு டீச்சர். அவள் ஓரம் அரசாங்கமே போட்டதுபோல நேர். என்னுடையது நெளிகிறது. தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வளைவில் அவள் நின்றுவிட்டாள். அங்கிருந்து அறை வாசல் வரை தனியாகப் போட்டேன்.

பிறகு அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, அக்கா கடையில் உட்கார்ந்து ரம்புட்டான் தின்றேன். துப்புரவு மேஸ்திரி நல்லதம்பி பைக்கில் வந்தார். கோட்டைப் பார்த்தார். இறங்கினார். தொட்டு முகர்ந்தார். முகம் மாறியது. போன்.

"சார், நம்ம மஞ்சணத்திக்கு யாரு வாராவ?"

எதிர்முனைக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று எப்படிச் சொல்லும்?

"சரி சார்... சரி சார்... முடிச்சிருதேன் சார்."

போனை வைத்துவிட்டு அக்காவிடம் குரலைத் தாழ்த்தினார். "ரொம்பப் பெரிய ஆளு போல. சாரே வாயத் தொறக்க மாட்டேங்காரு." பிறகு என் ஓரத்தைப் பார்த்தார். "இத எவம்லே போட்டான்? குடிச்சிட்டுப் போட்டிருக்கான்."

நான் பழத்தில் கவனமாக இருந்தேன்.

திருத்திப் போடப் பவுடர் வேண்டும். பவுடர் அறைக்குள். பூட்டு துருப்பிடித்திருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லை எடுத்து உடைத்தார்.

உடைத்தார்!

மே 31

மூட்டைகள் வெளியேறின. நாற்காலிகளும். அறைக்குள் விளக்கு, குழாய், சுவருக்கு வெள்ளை. "பொம்பள ஆபீசராம்லா" என்று உலகம்மை அக்கா பொதுவாகக் காற்றிடம் சொன்னாள். மதியமே கதவின் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள். கோட்டைப் பற்றி நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

காலையிலிருந்து நல்லதம்பி கையில் ரோஜா மாலையோடு சாரலில் நிற்கிறார். யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்?

இதை யோசிக்கவே இல்லை நான். கதை என்னுடையது. நனைவது அவர். மேலே இருப்பவர்கள் நாளைக்கு யாரைப் பிடிப்பார்கள்? அவரைத்தான். கிறுக்கி, கிறுக்கி, இதுகூடவா தோணல ஒனக்கு?

சாயங்காலம் பையிலிருந்து புதுப் பூட்டை எடுத்தார். "இருட்டினா மூட்டையத் திரும்ப உள்ள போட்டுப் பூட்டிருவேன். எனக்கு எதுக்கு வம்பு."

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கிட்டே போனேன். "அண்ணாச்சி, யாரும் வரமாட்டாங்க. அந்தக் கோடு..."

"எவ சொன்னா?" பின்னாலிருந்து உலகம்மை அக்கா. "அந்தம்மா வந்துட்டுப் போயாச்சு. நீரு டீ குடிக்கப் போனீருல்லா, அப்பம். கறுப்புக் கண்ணாடி. தனியா வந்தாவ, குளிச்சாவ, உள்ள போய்ச் சேல மாத்துனாவ. 'நல்லா வச்சிருக்கீங்க'ன்னாவ."

மேஸ்திரி அவளையே பார்த்தார். "நெசமாவா? என்ன கார்ல வந்தாவ?"

"நான் பழத்தப் பாப்பனா, காரப் பாப்பனா?"

"திரும்ப வருவாவளோ?"

"வருவேன்னுதான் சொன்னாவ."

"எப்பம்?"

"சொல்லிட்டு வாரதுக்கு அவுக என்ன சம்பந்தி வீட்டுக்காரவளா?"

பூட்டு பைக்குள் போயிற்று. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் பழக்கூடையில் சுற்றிவிட்டுப் போனார்.

நான் இதழில் எழுதுகிறவளாம். சிரிப்பு வருகிறது.

ஜூன் 3

அப்பா டீக்கடையிலிருந்து வந்தார். "தெரியுமா? மஞ்சணத்திக்கு ஜட்ஜம்மா வந்திருக்காவ. நம்ம தெரு வழியாத்தான் கார் போச்சு. எனக்குக் கும்பிடுகூடப் போட்டாவ."

"அப்படி யாரும் வரலப்பா."

"ஒனக்கு என்ன தெரியும்? நான் பாத்தம்லா!"

ஜூன் 6

ஒரே உட்காரலில் எழுதி முடித்தேன். கோடு, மாலை, கறுப்புக் கண்ணாடி, அப்பாவின் கும்பிடு, எல்லாம். இதுவரை எழுதியதில் இதுதான் எழுத்து. போனில் சுஜிதாவுக்கு வாசித்தேன். மூச்சு வாங்கச் சிரித்தாள். ஓய்ந்த பிறகு கேட்டாள்:

"இது வந்தா, பூட்டும் திரும்ப வந்துரும்லா?"

இதழ் இங்கே பஸ் ஸ்டாண்ட் கடையிலும் தொங்கும். எனக்குத் தெரியாதா? தெரியும். வாசிக்கும்போதே தெரிந்தது. அவள் சிரிக்கட்டும் என்றுதான் முழுக்க வாசித்தேன்.

ஜூன் 7

அழித்தேன்.

ஜூன் 9

அனுப்பியது: "எங்கள் வீட்டு மிக்ஸி". ஆசிரியருக்குப் பரம சந்தோஷம். "இப்பதாம்மா உனக்கு எழுத வந்திருக்கு. யோசனையே இல்ல."

ஜூன் 15, ஞாயிறு

நான் கூப்பிடவில்லை. சுஜிதா தானாக வந்தாள், கையில் மாற்றுத் துணிப் பை. அருவிக்குள் நின்று கத்தினோம். என்ன கத்தினோம் என்று எங்களுக்கே கேட்கவில்லை.

அறை முன்னால் நீள வரிசை. எனக்கு முன்னால் அவள். எனக்குப் பின்னால் கடையநல்லூர்க்காரப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, எல்லாருக்கும் ஜட்ஜம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடியோடு இப்போது இரண்டு போலீஸ் ஜீப்பும் சேர்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

சுஜிதா உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வரிசை முணுமுணுத்தது. கடையநல்லூர்க்காரி எட்டிக் கதவைத் தட்டினாள்.

"இருங்கக்கா," உள்ளிருந்து சுஜிதாவின் குரல், எந்த அவசரமும் இல்லாமல். "தலை துவட்டுதேன்."