போன் அடிக்காத நாள்

மார்ச் 4

தலையில சோப்பு போட்டு நிக்கறேன், போன் அடிக்குது. வீட்டுக்காரி கதவைத் தட்டி, "உன் சம்பந்திங்க கூப்பிடறாங்க"ன்னா. சம்பந்தின்னா வேற யாரும் இல்ல, முடிவெட்டற கடைக்காரங்க. ஈரக்கையோட எடுத்தா பாலத்தடிக் கடைக்காரர். ஒரே ஆளு பேரு வரிசையில ரெண்டு தடவை நிக்குதாம். "ஒரு தலையை எத்தனை தடவைப்பா வெட்டறது?"ங்கறார். சோப்பு கண்ணுல இறங்க இறங்க, எங்க தொடணும் எங்க அழிக்கணும்னு சொல்லிக் குடுத்தேன்.

இந்த நம்பர் கதையை ஒரு தடவையாவது எழுதி வைக்கணும். எங்க கம்பெனி என்னன்னா, முடிவெட்டிக்கப் போறவங்க வீட்ல இருந்தே கடையில எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு பாத்து வரிசையில பேரு போட்டுக்கலாம். கடைக்கு ஒரு டேப்லெட் குடுத்திருக்கோம். ஒரு தலை முடிஞ்சா அதுல ஒரு தட்டு, வரிசை நகரும். அவ்வளவுதான். இதை மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஆரம்பிச்சப்ப முதல் பக்கத்தைக் கட்டினது நான். அடியில 'உதவிக்கு'ன்னு ஒரு இடம் விட்டிருந்தேன். என்ன நம்பர் போடறதுன்னு தெரியல. சும்மா எழுத்து சரியா உக்காருதான்னு பாக்க என் நம்பரைப் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். கடைக்காரங்க யாரும் அதைத் தனியா சேத்து வச்சுக்கல, டேப்லெட்ல பாத்து பாத்துத்தான் அடிப்பாங்க. மூணு வருஷம் ஆச்சு. ஊர்ல இருக்கற அத்தனை கத்திரிக்கோலும் என் காதுகிட்டதான் சத்தம் போடுது.

எல்லார்கிட்டயும் சலிச்சுக்குவேன். வீட்டுக்காரி மட்டும், "சலிச்சுக்கற மூஞ்சியா இது, பல்லெல்லாம் தெரியுது"ங்கறா.

இன்னைக்கு ஆபீஸ்ல புதுசா ஒரு பொண்ணு. காதை மூடி பெருசா ஒரு ஹெட்போன். வணக்கம் சொன்னேன், ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, "வணக்கம் அண்ணா"ன்னுட்டு திரும்ப மூடிக்குச்சு. டப்பாவுக்கு மூடி போடற மாதிரி. ஹெட்போன்னே பேரு வச்சாச்சு.

மார்ச் 7

நாற்காலியைப் பத்தி எழுதணும். என் நாற்காலியில உக்காந்தா அது மெல்ல மெல்ல கீழ இறங்கும். காலையில மேசைக்கு சமமா இருப்பேன், சாயங்காலம் தாடை மேசையில இருக்கும். மூணு வருஷமா மாமாகிட்ட சொல்றேன், "பாக்கலாம்டா"ங்கறார். ஹெட்போனுக்கு இன்னைக்கு புது நாற்காலி வந்திருக்கு. பாலிதீன் கூட பிரிக்கல. கைப்பிடி தனியா ஏறி இறங்குது.

நாற்காலிக்கா வயிறு எரியுது? நாற்காலிக்குத்தான். பொய் எழுதி என்ன ஆகப்போகுது.

மார்ச் 12

மாமா இன்னைக்கும் அந்தப் பொண்ணு மேசைகிட்ட நின்னுதான் டீ குடிச்சார்.

மார்ச் 15

பக்கம் வேகமாயிருச்சு. முன்னாடி திறந்தா ஒரு வட்டம் சுத்தும், அது சுத்தி முடியறதுக்குள்ள ஆளுங்க கொட்டாவி விடுவாங்க. இப்ப தொட்டதும் வந்து நிக்குது. ஹெட்போன் செஞ்ச வேலை. என் போன்ல பாத்தேன், வீட்டுக்காரி போன்ல பாத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் கிட்ட பழைய போன் ஒண்ணு இருக்கு, அதை வாங்கி அதுலயும் பாத்தேன். எதுலயாவது மெதுவா வந்துராதான்னு. எல்லாத்துலயும் வேகம்தான்.

மாமா எல்லார் முன்னாடியும் சொல்றார்: "எட்டாவது படிச்சவன் கட்டின வீட்டுக்கு இப்பதாம்ப்பா ஒரு இன்ஜினியர் வந்திருக்காங்க." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நான்தான் கடைசியா நிறுத்தினேன்.

எட்டாவதுன்னா எட்டாவதுதான், அதுல என்ன. நான் இதைக் கத்துக்கிட்டது ஒரு பிரவுசிங் சென்டர்ல. தரை கூட்டத்தான் சேர்ந்தேன். முதலாளி சாப்பாட்டுக்குப் போவார், வந்ததும் நாற்காலியிலயே தூங்கிருவார், குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்கும். அந்தக் குறட்டைதான் எனக்குப் பள்ளிக்கூட மணி. ஒருநாள் கம்ப்யூட்டர் எலியைத் தப்பா அமுக்கி ஒரு பக்கத்தோட உள்பக்கத்தைப் பாத்துட்டேன். துணியைத் திருப்பிப் போட்டா தையல் தெரியுமே, அந்த மாதிரி. ஓ, இப்படித்தான் தச்சிருக்காங்களான்னு ஆயிருச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சது. முதலாளி குறட்டை விடாத ஆளா இருந்திருந்தா நான் இன்னும் கூட்டிக்கிட்டுதான் இருப்பேன்.

எங்கயோ போயிட்டேன். மாமா அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அதைத்தான் எழுத வந்தேன்.

மார்ச் 20

காலையில இருந்து போன் அடிக்கல.

சார்ஜ் இல்லையோன்னு பாத்தேன், இருக்கு. சத்தத்தைக் குறைச்சிட்டேனோன்னு பாத்தேன், இல்ல. வீட்டுக்காரி போன்ல இருந்து அடிச்சேன், அடிக்குது. "உனக்கு நீயே போன் பண்ணிக்கற அளவுக்கு வந்தாச்சா"ன்னா.

ஆபீஸ் போய் நம்ம பக்கத்தைத் திறந்து அடியில பாத்தா என் நம்பரைக் காணோம். அந்த இடத்துல ஒரு கட்டம். 'உங்கள் பிரச்சனையை இங்கே எழுதவும்.' ஹெட்போன்கிட்ட போனேன். மூடியைத் தூக்குச்சு.

"யாரோட சொந்த நம்பரோ கிடந்துச்சு அண்ணா. எடுத்துட்டேன். கண்டவங்க கூப்பிட்டு தொல்லை பண்ணுவாங்கல்ல."

"நல்ல வேலை பண்ணேம்மா"ன்னேன். மூணு வருஷமா தொல்லை தொல்லைன்னு சொன்ன வாய் இது.

என் இடத்துக்கு வந்து உக்காந்தேன். நாற்காலி இறங்குச்சு.

மார்ச் 23

அக்கா வீட்ல சாப்பாடு. மாமாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "புகாரே வரலடா. ஒண்ணு கூட இல்ல. பொண்ணு கை பட்டதும் எல்லாம் அடங்கிருச்சு." பக்கத்து ஊர்லயும் ஆரம்பிக்கப் போறார். அந்த ஊர் கடைக்காரங்க சங்கத்துல இருந்து ஏப்ரல் அஞ்சாம் தேதி பாக்க வர்றாங்க. பிடிச்சுப் போச்சுன்னா அந்த ஊருக்கு ஒரு பொறுப்பான ஆள் போகணும், தனி ஆபீஸ், தனியா ஆளுங்க.

அந்த ஆள் நான்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். வீட்டுக்காரிகிட்ட கூட சொல்லி வச்சிருக்கேன், வெளியில பேசாதேன்னு. "யாரை அனுப்பப் போறீங்க மாமா?"ன்னேன், தண்ணி ஊத்திக்கிட்டே, சும்மா கேக்கற மாதிரி.

"அந்தப் பொண்ணைத்தான் யோசிக்கறேன்."

அக்கா என்னைப் பாத்தா. நான் தண்ணியைப் பாத்தேன். டம்ளர் நிறைஞ்சு வழிஞ்சது அப்பறம்தான் தெரிஞ்சது.

மார்ச் 26

முடி வெட்டிக்கப் பாலத்தடிக் கடைக்குப் போனேன். உண்மையில வெட்டறதுக்கு முடி ஒண்ணும் வளரல. யாராவது பேசினாப் போதும்னு இருந்துச்சு.

உள்ள போனா டேப்லெட் குப்புறக் கிடக்கு. மேல சீப்பு டப்பா. கடைக்காரர் வாயாலயே, "அடுத்து யாரு"ன்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கார். என்னைப் பாத்ததும், "வாய்யா பெரிய மனுஷா, நம்பரை மறைச்சிட்டு திரியறியா"ன்னார்.

விஷயம் என்னன்னா, பக்கத்தை வேகமாக்கறதுக்காக ஒரு தடவை பாத்ததை அப்படியே ஞாபகம் வச்சுக்கிட்டு அதையே எடுத்துக் காட்டற மாதிரி பண்ணியிருக்கு அந்தப் பொண்ணு. எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதான். ஆனா கடை வரிசை ஒரு இடத்துல நிக்குமா? காலையில காலியா இருந்த கடை மத்தியானமும் காலின்னே காட்டுது. நம்பி வந்தவன் பத்து பேர் உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு கடைக்காரரைத் திட்டறான்.

"எழுதிப் போட வேண்டியதுதான, கட்டம் இருக்கே?"ன்னேன்.

"ஒரு கையில கத்தி, ஒரு கையில அடுத்தவன் தாடை. எந்தக் கையால எழுத?"

திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்கு நடை துள்ளுச்சு. புகார் இல்லன்னா எல்லாம் சரியா ஓடுதுன்னு அர்த்தமாம். யாரும் தொடறதே இல்ல மாமா, அதான் புகார் இல்ல. சொல்லலாம். ஆனா இப்ப சொன்னா அரை மணி நேரத்துல சரி பண்ணிரும் அந்தப் பொண்ணு, அதுக்கும் மாமா பாராட்டுவார். அஞ்சாம் தேதி சங்கத்துக்காரங்க முன்னாடி தானா தெரியட்டுமே. நான் ஒண்ணும் கெடுக்கலையே. சும்மாதானே இருக்கேன்.

சும்மா இருக்கறது தப்பா?

மார்ச் 30

இன்னும் மூணு கடைக்குப் போய்ப் பாத்தேன். மூணுலயும் அதே கதை. மூணு கடையிலயும் முகத்தைச் சோகமா வச்சுக்கிட்டு கேட்டேன். தலையில இனி வெட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரி, "ஏதாவது வேண்டுதலா"ங்கறா.

ஏப்ரல் 2

ஹெட்போன் இன்னைக்கு எனக்கு டீ கொண்டாந்து வச்சுச்சு. "அண்ணா, நாலு நாளா நீங்க சிரிச்ச முகமா இருக்கீங்க"ன்னுச்சு. டீ நல்லாத்தான் இருந்துச்சு. குடிக்க முடியல.

ஏப்ரல் 4

பாலத்தடிக் கடைக்காரர் தெருவுலயே மறிச்சு டேப்லெட்டை என் கையில குடுத்துட்டார். பழைய துண்டுல சுத்தி. "இந்தாப்பா. வேற கம்பெனிக்காரங்க வந்தாங்க. அவங்ககிட்ட பேச ஆள் இருக்கு." கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

எங்களோட முதல் கடை அது. ஊர்ல எவனும் நம்பாதப்ப, "சரி வச்சுட்டுப் போ, ஓடலைன்னா சீப்பு வைக்க ஆகும்"னு வாங்கி வச்ச மனுஷன். அதை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு ஆபீஸ் போனேன். நாள் முழுக்க பை காலடியில கிடந்துச்சு. பிரிச்சுப் பாத்தா ஓரத்துல, சார்ஜ் குத்தற ஓட்டையில எல்லாம் பொடி முடி. யார் யார் தலையோ.

நான் அந்தப் பொண்ணைக் கீழ தள்ளலாம்னு நின்னேன். விழுந்தது பாலத்தடிக் கடை.

ஏப்ரல் 5

சீக்கிரமே போயிட்டேன். எனக்கு முன்னாடி ஹெட்போன் வந்து உக்காந்திருக்கு. டேப்லெட்டை மேசை மேல வச்சேன். சொன்னேன். வரிசை நிக்கறது, கடைக்காரங்க குப்புறப் போட்டு வச்சிருக்கறது, எல்லாம்.

ஹெட்போனை முழுசாக் கழட்டுச்சு. இத்தனை நாள்ல முதல் தடவை. காதைச் சுத்தி சிவப்பா தழும்பு மாதிரி அச்சு.

"எப்ப இருந்து தெரியும் அண்ணா?"

"கொஞ்ச நாளா."

டேப்லெட்ல இருந்த முடியை விரலால தள்ளிக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் சொல்லுச்சு: "அந்த நம்பர் உங்களோடதுன்னு எனக்குத் தெரியும். வந்த அன்னைக்கே தெரியும்."

நான் பாத்தேன்.

"நாள் பூரா உங்களுக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க, 'சொல்லுங்க முதலாளி, என்ன சேதி'ன்னு ஆரம்பிப்பீங்க. காதை மூடினாலும் கேக்கும். எனக்கு யார்கிட்டயும் அப்படிப் பேச வராது. பத்திக்கிட்டு வரும் அண்ணா. அந்தக் கட்டத்தை வச்சதுல இருந்து தினமும் காலையில திறந்து பாக்கறேன். ஒரு ஆளு கூட எனக்கு ஒரு வரி எழுதல."

"கத்தி பிடிச்ச கைம்மா அது"ன்னேன். அந்தப் பொண்ணுக்குச் சிரிப்பு வந்துருச்சு. எனக்கும்.

ரெண்டு பேரும் உக்காந்தோம். வரிசையை மட்டும் ஞாபகத்துல வைக்காம ஒவ்வொரு தடவையும் புதுசா கேட்டு வாங்கற மாதிரி மாத்துச்சு. நான் மத்த மூணு கடைக்கும் போன் போட்டு தட்டச் சொன்னேன். தட்டினாங்க, இங்க நகர்ந்துச்சு. சங்கத்துக்காரங்க வந்தப்ப எல்லாம் ஓடுச்சு. அந்தப் பொண்ணு எழுந்து நின்னு அவங்க முன்னாடியே சொல்லிருச்சு: "ஒரு தப்பு நடந்துச்சு, என்னாலதான். அண்ணன் கடை கடையாப் போய் கண்டுபிடிச்சார்."

எதுக்குப் போனேன்னு நான் சொல்லல.

ஏப்ரல் 8

மாமா முடிவு சொல்லிட்டார். ஹெட்போன் பக்கத்து ஊருக்குப் போகுது. "உன்னை எப்படிடா அனுப்பறது? நீ இல்லைன்னா இங்க டேப்லெட்டெல்லாம் செத்த மாதிரி கிடக்கறது கூட எனக்குத் தெரியாமப் போயிருக்கும்"ங்கறார். அதாவது நான் போய் கண்டுபிடிச்சதாலதான் நான் போகல. இதை யார்கிட்ட போய் முறையிட?

என் நம்பரை அடியில திரும்பப் போட்டாச்சு. ஹெட்போன்தான் போட்டுச்சு. பாலத்தடிக்கு டேப்லெட்டைத் துடைச்சுக் கொண்டு போய் வச்சேன். கடைக்காரர் சீப்பு டப்பாவைக் கொஞ்சம் நகத்திக் குடுத்தார்.

மே 19

புது நாற்காலி என்கிட்டதான் இருக்கு. ஹெட்போன் போகும்போது விட்டுட்டுப் போயிருச்சு. இறங்க மாட்டேங்குது. பழக்கம் இல்லாம முதுகு வலிக்குது.

இன்னைக்கு ஹெட்போன் கூப்பிட்டுச்சு. அந்த ஊர்ப் பக்கத்துல அடியில தன் நம்பரையே போட்டிருக்காம். "முதல் வாரம் போன் அடிச்சா எடுக்கவே பயமா இருந்துச்சு அண்ணா"ங்குது. எனக்கு சந்தோஷம்தான். நீ இப்படி ஆரம்பிக்கணும், அப்படிக் கேக்கணும்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன். அந்தப் பக்கம் இன்னொரு போன் அடிச்சுச்சு. "இருங்கண்ணா, கடைக்காரர். அப்பறம் பேசறேன்." வைக்கறதுக்கு முன்னாடி அந்தப் போனை எடுத்தது எனக்குக் கேட்டுச்சு. "சொல்லுங்க முதலாளி, என்ன சேதி."

என் வார்த்தை அது.

என் போனை மேசை மேல வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். மத்தியானம் ஆச்சு. அடிக்கல. நானே பாலத்தடிக்குப் போட்டேன்.

"என்னய்யா?"

"ஒண்ணும் இல்ல. வரிசை ஏதாவது மக்கர் பண்ணுதா?"

"இல்லையே. நல்லா ஓடுது."

"பேரு ஏதாவது ரெண்டு தடவை வருதா?"

"வரலப்பா. வேலையா இருக்கேன், வை."

சரின்னு வச்சேன்.