நாய்க்குக் கேட்டார்கள், அக்கா

அக்கா,

இதை எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. இறந்தவர்களுக்கு எழுதுகிற வழக்கம் நம் வீட்டில் யாருக்கும் இல்லை. உயிரோடு இருந்தவர்களுக்கே நாம் எழுதியதில்லை. "சொல்றத வாயால சொல்லு, இல்லனா வுடு" என்பாய் நீ. வாயால் சொல்ல வராதவள் நான் என்பதும் உனக்குத் தெரியும்.

வெளியே அம்மா ஒரு மண்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். புளியும் உப்பும் போட்டுக் காய்ச்சிய சட்டி. சாம்பல் போட்டுத் தேய்த்தும் அந்த வாசனை போகவில்லை. ஜன்னல் வழியாக நான் உட்கார்ந்திருக்கும் இடம் வரைக்கும் வருகிறது. நாயின் காலுக்குப் பற்றுப் போடக் காய்ச்சியது. கால் சரியாகிவிட்டது, இனி வேண்டாம் என்று கழுவுகிறாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். அந்த வாசனை வந்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

நீ இந்த நாயைப் பார்த்ததில்லை. நீ போன பிறகு அப்பா களை வெட்டப் போன காட்டிலிருந்து துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பெட்டைக் குட்டி என்பதால் யாரோ வரப்பில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சிட்டு என்று பெயர். இன்னும் ஒரு வயது முடியவில்லை. போன மாதம் ஒரு நாள் காலையில் முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் வந்து நின்றது. முள் இல்லை, காயம் இல்லை, வீக்கமும் இல்லை. தொட்டால் கத்தவுமில்லை. ஆனால் கால் மட்டும் தரையில் படவில்லை.

தெருவே கேட்டது, அக்கா.

"இன்னாடி, நாயி நொண்டிக்கினு வருது? எவன் அட்ச்சான்?" என்று எதிர்வீட்டு அத்தை கோலப்பொடியோடு எழுந்து வந்தாள்.

பால்காரர் வண்டியை நிறுத்தினார். "கல்லால வுட்ருப்பானுங்க. இந்தத் தெருவுல கைய வச்சிக்கினு சும்மா இருக்கறவன் எவன் இருக்கான்?"

"எங்க வூட்டு ஆளு இருக்காரே. சோறு துன்ற நேரம் தவுர அந்தக் கைக்கு ஒரு வேல கெடையாது" என்றாள் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. தெருமுனையில் உட்கார்ந்திருந்த பையன்களிடம் போய், "எவன்டா எங்க நாய அட்ச்சது? ஆம்பளயா இருந்தா முன்னால வந்து சொல்லு" என்றார். அம்மா தெருவில் நின்று கத்தினாள்: "வாயில்லாத ஜீவன அட்ச்சவன் கை அழுவிப் போவ!" ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட முணுமுணுத்துவிட்டு வருகிற அம்மா. அவளிடம் இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வழுக்கி விழுந்திருக்கும் என்று அந்தத் தெருவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது கிறிஸ்துமசுக்கு மணலூர்பேட்டையிலிருந்து நீ மட்டும் தனியாக வந்தாய். மாமாவுக்கு வேலை என்றாய். உன்னைக் கட்டிக்கொண்ட அந்த ஆளை இப்போதும் மாமா என்றுதான் எழுதுகிறேன். வேறு சொல் கைக்குப் பழகவில்லை. காலைப் பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க நீ எழுந்து போனாய். கோயிலின் நடுவழியில், ஊர் முழுக்கப் பார்க்க, பச்சைப் பட்டுப்புடவையில் நேராக நடந்து போனாய், நேராக நடந்து திரும்பினாய். உனக்குப் பின்னால் வந்த எனக்கு மட்டும் தெரிந்தது, வலது காலை ஊன்றும்போதெல்லாம் உன் கை முந்தானையை இறுக்கிப் பிடித்தது. வீட்டுக்கு வந்து வாசற்படி தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டாய்.

"பம்புசெட்டுல வழுக்கிட்டேன்" என்றாய். யாரும் கேட்கவே இல்லை. நீயாகச் சொன்னாய்.

"பாத்து நடக்கறதுதான?" என்றாள் அம்மா. அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவ்வளவுதான் நம் வீட்டில் நடந்த விசாரணை.

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்த பிறகு புளி வாசனை வந்து நான் எழுந்தேன். நீ அடுப்படியில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, இதே சட்டியிலிருந்து எடுத்துப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாய். ஆடுசதையில் ஒரு கம்பின் அகலத்துக்குக் கன்றிப்போய் நீலமாக இருந்தது. வழுக்கி விழுந்தவளுக்கு அந்த இடத்தில் அப்படியொரு தடம் எப்படி வரும்? அப்போது நான் கடைசி வருடம் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். அதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடமே போயிருக்க வேண்டியதில்லை.

"இன்னாக்கா இது?"

"உனுக்கு ஒன்னும் தெரியாது. நீ படி" என்றாய். புடவையை இழுத்துவிட்டாய். "யார்கிட்டயும் சொல்லாத."

நீ எனக்குச் சொன்னவை எல்லாமே உத்தரவுகள்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக நடப்பேன். நீ முதுகில் ஒன்று போடுவாய். "நேரா நடடி. எவனுக்குப் பயம்?" கல்லூரிக்குப் போகிற வரைக்கும் அந்தக் கை என் முதுகில் இருந்தது. அந்தக் கைக்காரிதான் ஊர் பார்க்க நேராகவும் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டும் நடந்தாள். யாருக்காக அக்கா நேராக நடந்தாய்? நம் மானத்துக்காகவா? நம்மிடம் அப்படி என்ன இருந்தது காப்பாற்ற?

சிட்டுவுக்குப் பற்றுப் போட்டும் குணமாகவில்லை என்று, நானும் அப்பாவும் ஆட்டோ வைத்து எலவனாசூர்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அது நான்கு காலையும் ஊன்றி, ஒன்றுமே நடக்காதது போல நேராக நடந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சார், வூட்ல நொண்டுது சார், நெஜமா" என்றார் அப்பா.

டாக்டர் சிரித்தார். "பொய் சொல்றீங்கன்னு யாரு சொன்னாங்க? புது எடம், புது ஆளுங்க. பயத்துல வலிய மறச்சிக்கும். வூட்டுக்குப் போனதும் மறுபடி தூக்கும் பாருங்க." காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எலும்பு நன்றாக இருக்கிறது, வளர்கிற குட்டிகளுக்குச் சில சமயம் இப்படி வரும், காரணம் எப்போதும் தெரியாது, கட்டிப்போட்டு ஓய்வு கொடுங்கள் என்றார்.

அவர் சொன்னபடியே, நம் வாசலில் இறங்கியதும் சிட்டு காலைத் தூக்கிக்கொண்டது. "பாத்தியா, இன்னா நடிப்பு!" என்று அப்பா அதன் தலையைத் தடவிச் சிரித்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு நாய் பயத்தில் வலியை மறைக்கிறது என்றால் அப்பாவுக்கு உடனே புரிகிறது.

நீ அடிபட்டுச் சாகவில்லை. அதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. அந்தக் கிறிஸ்துமசுக்கு அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வீட்டில் கஷாயம் போதும் என்றார்கள். எழுந்து உட்கார முடியாமல் போன பிறகுதான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். முன்னாடியே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று நர்ஸ் கேட்டதற்கு மாமாவின் அம்மா, "அவ நல்லாதான் நடந்துக்கினு இருந்தா" என்றாள். நடந்துகொண்டுதான் இருந்திருப்பாய். எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி நடந்ததைக் கேள்.

சிட்டுவைக் கட்டிப்போட்டிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தால் மாமாவும் அவர் அம்மாவும் நம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பை ஆப்பிள். "பெரியவளப் பறிகுடுத்துட்டோம். அதுக்குன்னு உறவு அத்துப் போவக் கூடாது பாருங்க. சின்னவளும் நம்ம வூட்டுக்கே வந்துட்டான்னா, அவ மொகத்தயே பாக்கற மாரி இருக்கும்" என்றாள் அந்த அம்மா.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் சாமியாரக் கேட்டன். கட்டிக் குடுக்கத் தட ஒன்னும் இல்லன்னாருங்க" என்றார்.

போய்க் கேட்டுவிட்டே வந்திருக்கிறார், அக்கா. என்னைத் தவிர எல்லாரையும் கேட்டாயிற்று. அம்மா என்னைப் பார்க்காமல் காப்பித் தட்டை என் கையில் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சிட்டு கயிற்றை உருவிக்கொண்டு பின்கட்டிலிருந்து நொண்டி நொண்டி வந்தது. மாமா குனிந்து உச்சுக்கொட்டினார். "ஐய, பாவமே. யாரு அட்ச்சது?"

தட்டை நான் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கல்லூரியில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லவே குரல் எழும்பாதவள் நான்.

"எங்க அக்கா கால யாரு மாமா அட்ச்சது?"

"இன்னா?"

"நாய் காலுக்குக் கேட்டீங்களே, அதே மாரிதான் கேக்கறன். ஆடுசதயில கம்புத் தடம் இருந்துச்சி. நான் பாத்தன். யாரு அட்ச்சது?"

"ஏய், உள்ள போ" என்றார் அப்பா. நான் போகவில்லை. மாமா என்னைப் பார்க்கவில்லை, நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மாதான் பேசினாள். "படிக்க வச்சா இதான். வாயப் பாரு. பொண்டாட்டின்னு இருந்தா ஒரு அடி படாமயா இருக்கும்? ஊர்ல இல்லாததா?"

நான் கேட்டதற்கு அதுதான் பதில். அதைச் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிவிட்டாள். போகும்போது ஆப்பிள் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"மானத்த வாங்கிட்ட" என்றார் அப்பா. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சிட்டுவோடு பேசினார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் "இன்னா, இன்னிக்கி எப்படிக்கீது?" என்று கேட்டு, பால்சோறு பிசைந்து வைத்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் விசாரித்தார்கள். ஒரு காலையில் முருங்கை மரத்தில் அணில் இறங்கியதைப் பார்த்துச் சிட்டு நான்கு காலில் ஓடியது. அவ்வளவுதான். வலி ஏன் வந்தது, ஏன் போனது, யாருக்கும் தெரியாது. அதற்கு ஒரு கயிறும் கொஞ்ச நாள் ஓய்வும் கிடைத்தன. உனக்குக் கிறிஸ்துமசுக்கு மறுநாளே, உடனே கிளம்பி வா என்று மாமாவிடமிருந்து போன் வந்தது. பஸ்ஸில் இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாய். கையசைத்தபோதுகூட நேராகத்தான் நின்றாய்.

நேற்று அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார். "அவங்க கச்சிராயபாளையம் பக்கம் பொண்ணு பாத்துட்டாங்களாம். நமக்குத் தொல்ல வுட்டுச்சி."

"அந்தப் பொண்ணுக்கு?" என்றேன்.

"அது அவங்க பாடு."

மலையடிவாரத்தில், நம்மை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். நான் வேலை செய்கிற பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கும் ஒருத்திக்கு அதுதான் ஊர். அந்தப் பெண்ணின் வீட்டைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

சற்று முன்னால் சட்டி தேய்க்கிற சத்தம் நின்றது. தலையைத் தூக்காமலே அம்மா கேட்டாள்: "அன்னிக்கி மத்தியானம் அவ காச்சினது இந்தச் சட்டியிலதான?"

அப்படியென்றால் அன்றைக்கு அம்மா தூங்கவில்லை.

"ஆமா" என்றேன். சமாதானமாக ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அம்மா மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். கழுவின சட்டியைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீ எனக்குக் கொடுத்ததில் இரண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. முதுகில் அந்தக் கை, அப்புறம் அந்த 'யார்கிட்டயும் சொல்லாத'. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இரண்டாவதை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள். எனக்கும் உன்மேல் அவ்வளவு கோபம் இருக்கிறது.

நாளைக்குக் காலையில் அந்தப் பெண் வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். குரல் வருமா என்றுதான் தெரியவில்லை. அதற்குத்தான் இத்தனையும் எழுதினேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

என்னோடு வா. கள்ளக்குறிச்சியில் மாறி ஏறுகிற பஸ்ஸில் காலையில் கூட்டம் இருக்காது, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வா. ஆனால் இறங்கி அந்த வீட்டு வாசலுக்குப் போகும்போது, அவர்கள் எல்லாரும் பார்க்க, நேராக நடக்காதே அக்கா. நொண்டிக்கினே வா.