நூலகத்தின் மேல்தளத்தை ஏலம் விடுவதற்கு முன்

அனுப்புநர்:
நூலகர்,
பொது நூலகம்,
கடைவீதி.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நூலகக் கட்டடத்தின் மேல்தளத்தைச் சுற்றுலா விடுதியாகக் குத்தகைக்கு விடும் ஏலத்தை நிறுத்தி, கடைவீதியில் வேலை செய்யும் ஊழியர்களுக்குக் குறைந்த வாடகையில் குடியிருக்கத் தருமாறு வேண்டுதல்.

பார்வை: வாசிப்பு அறையில் தூங்குவோரையும் பேசுவோரையும் வெளியேற்றுமாறு தங்கள் அலுவலகம் சென்ற மாதம் அனுப்பிய சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதற்கு முன் நான் எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. மனு கொடுத்தால் காரியம் நடக்கும் என்று பெரிதாக நம்பியதும் இல்லை. இந்த விஷயத்தை நேரில் சொல்லலாம் என்று இரண்டு முறை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். சீசன் ஏற்பாட்டுக் கூட்டத்தில் தாங்கள் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

2. சுற்றறிக்கையின்படி அறிவிப்புப் பலகையை வாசிப்பு அறையின் கதவில் மாட்டியாயிற்று. அதற்குக் காரணமான புகாரின் நகலையும் படித்தேன். மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த ஒரு பயணி எழுதியது அது. வாசிப்பு அறை சத்திரம்போல் இருக்கிறது, மேசையில் தலைவைத்துத் தூங்குகிறார்கள், மூலையில் ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கி உட்கார்ந்து ரகசியம் பேசுகிறார்கள் என்கிறார். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்தத் தலைகள் யாருடையவை என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முந்தைய இரவு அவர் படுத்த மெத்தைக்கு உறை மாற்றியவரும், அன்று காலை அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தவரும் அவர்களில் இருந்திருக்கக்கூடும்.

3. இவ்வூர் விடுதிகளில் 'பிரேக் ஷிப்ட்' என்றொரு முறை இருப்பது தாங்கள் அறிந்ததே. காலையில் கொஞ்சம் வேலை, மாலையில் கொஞ்சம் வேலை. நடுவில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ சும்மா விடுவார்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. உட்கார இடமும் கிடையாது. ஊழியர்களில் பெரும்பாலோர் மலைக்குக் கீழே குடியிருக்கிறார்கள், ஏனென்றால் மேலே அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு இல்லை. பேருந்தில் இறங்கி ஏறுவதற்குள் இடைவேளை தீர்ந்துவிடும். விடுதிக்குள்ளேயே இருக்கலாம் என்றால், சீருடையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் விருந்தினர் கண்ணில் படக்கூடாது. பெரிய விடுதி ஒன்றில் ஊழியர் ஓய்வறை இருந்தது. போன ஆண்டு அதை மசாஜ் அறையாக மாற்றிவிட்டார்கள். பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு வந்துவிட்டது. பேருந்து நிலையத்துப் பெஞ்சுகள் இருந்த இடத்தில் சுற்றுலாத் தகவல் கூண்டு வைத்திருக்கிறோம். கடைவீதியில் காசு கொடுக்காமல் உட்கார மிச்சம் இருந்தவை எங்கள் நாற்காலிகள்தாம்.

4. அவர்கள் ஒழுங்கில்லாமல் நடந்துகொண்டதாகத் தாங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். எல்லோரும் உறுப்பினர் அட்டை வாங்கியவர்கள். ஒவ்வொருவரும் முன்னால் ஒரு செய்தித்தாளோ புத்தகமோ விரித்து வைத்த பிறகே கண்ணை மூடுவார்கள். அது என் மேல் வைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். குறட்டை விடும் காவலாளி ஒருவர் உண்டு, அவருக்கு 'இன்ஜின்' என்று பெயர். அவரை ஜன்னலோரம் உட்காரவைப்பது எங்கள் நூலக உதவியாளரின் பொறுப்பு. "அண்ணே, வண்டியக் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, இங்க பேப்பர் பறக்குது" என்று அவர் தோளைத் தட்டிச் சொல்வதைக் கேட்டு மற்ற வாசகர்கள் சிரித்திருக்கிறார்களே தவிர, யாரும் புகார் சொன்னதில்லை.

5. இனி, மூலையில் இருந்த அந்த இருவரைப் பற்றி. அவர்கள் கணவன் மனைவி. கணவர் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை செய்கிறார், சமையல்காரர்களிடையே 'சூப்பு மாஸ்டர்' என்று பெயர். மனைவி வேறொரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்பவர். நான்காவது தளம் அவர் பொறுப்பு என்பதால் 'நாலாம் மாடி' என்றே கூப்பிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு மகள். காலைச் சிற்றுண்டி தயாராக வேண்டும் என்பதால் கணவர் விடிவதற்கு முன்பே முதல் பேருந்தில் வந்துவிடுகிறார், இரவுச் சாப்பாடு முடிந்து கடைசிப் பேருந்தில் திரும்புகிறார். மனைவி பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மேலே வருவார், கணவருக்கு முன்பே வீடு திரும்பிவிடுவார். கணவர் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி அசதியில் தூங்கியிருப்பார். மனைவி எழும்போது கணவர் பேருந்தில் இருப்பார். சீசனில் வார விடுமுறை கிடையாது. மற்ற மாதங்களில் இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வந்ததில்லை. ஆக, வேலை நாட்களில் இருவரும் விழித்த நிலையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடம் எங்கள் வாசிப்பு அறையின் அகராதி அலமாரிக்குப் பக்கத்து மேசையாக இருந்தது.

6. அவர்கள் பேசிய ரகசியம் என்ன என்பதை நான் அறிவேன். என் மேசை பக்கத்தில்தான் இருக்கிறது, காதைப் பொத்திக்கொள்ள முடியாது. காஸ் வந்ததா, குழாயில் தண்ணீர் எப்போது விட்டார்கள், கணவரின் அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் சலித்துக்கொள்கிறாரா, இவைதாம். ஒருநாள் மனைவி சொன்னது: "உங்க மூஞ்சியப் பகல்ல பாக்கணும்னா அந்த மேடம்கிட்ட கார்டு வாங்கணும்போல." அதற்கு அவர், "பாத்துட்டியா, போதும், பதினைஞ்சு நாள்ல திருப்பிக் குடுத்துடணும், இல்லன்னா அபராதம்" என்றார். நான் பென்சிலால் மேசையைத் தட்ட வேண்டியிருந்தது. தட்டினேன்.

இன்னொரு நாள் வேறு மாதிரி. "நேத்து பாப்பா கேட்டா, அப்பா நெஜமாவே வீட்டுக்கு வர்றாரா, இல்ல நீ சும்மா சொல்றியான்னு" என்று மனைவி சொன்னார். கணவர், "அவ தூங்குறப்போ போர்வையை இழுத்து விட்டுட்டுத்தான் வர்றேன்னு சொல்லு" என்றார். அன்று நான் மேசையைத் தட்டவில்லை. விதிமீறல் என்றால் அது என்னுடையது.

7. பலகை மாட்டிய மறுநாள் இருவரும் வாசலில் நின்று அதைப் படித்தார்கள். மனைவி என்னிடம் வந்து, "நாங்க பேசலைன்னா உக்காரலாமா மேடம்?" என்று கேட்டார். உட்காரலாம் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் அதே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல், தூங்காமல், நேரம் ஆனதும் எழுந்து போனார்கள். இப்படி ஒரு வாரம் நடந்தது. சுற்றறிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டது என்று அந்த வாரத்தைப் பற்றித் தங்களுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறேன். அந்த அறிக்கை சரியானதுதான். அனுப்பியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

8. சென்ற திங்கட்கிழமை மனைவி மட்டும் வந்தார். மகளுக்காக எடுத்திருந்த படக்கதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறுப்பினர் அட்டையையும் மேசைமேல் வைத்தார். இந்த மாதம் பள்ளி முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார். அது வேறு ஊர், ஒரு பகல் பயணம். கணவர் கீழே உள்ள வீட்டைக் காலி செய்துவிட்டு, சமையலறை ஆட்கள் ஆறு பேர் தங்கும் ஓர் அறையில் படுத்துக்கொள்வார். ஏதாவது சண்டையா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சிரித்துவிட்டு, "பிரிஞ்சு போகல மேடம். சேர்ந்து இருக்க எடம் இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

9. இடம் இருக்கிறது என்பதே இந்த மனுவின் சாரம். எங்கள் நூலகத்தின் மேல்தளத்தில் நான்கு அறைகளும் ஒரு சமையலறையும் இரண்டு குளியலறைகளும் உள்ளன. முன்பு நூலகர் குடியிருப்பாக இருந்தது. எனக்கு முன் இருந்தவர் குடும்பத்துடன் அங்கேதான் இருந்தார். எனக்கு அம்மா வழியில் வந்த வீடு இவ்வூரில் இருப்பதால் மேல்தளம் பூட்டிக் கிடக்கிறது. அந்த வீடு இல்லையென்றால் நானும் கீழேயிருந்து பேருந்தில் வந்துகொண்டிருப்பேன். என் சம்பளத்துக்குக் கடைவீதியில் ஓர் அறை கிடைக்காது.

மேல்தளத்தைக் குத்தகைக்கு விடும் ஏல அறிவிப்பில், அது "குடியிருப்புக்கு ஏற்றதல்ல" என்றும், சில பழுதுகளைப் பார்த்தால் "ஏரி தெரியும் சுற்றுலா அறைகளுக்கு மிகவும் ஏற்றது" என்றும் ஒரே பத்தியில் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அறையில் மழை ஒழுகுவது உண்மை. மற்ற மூன்றும் காய்ந்தே இருக்கின்றன. இரண்டு நாள் தங்க வருகிறவர் தூங்கலாம், அவருக்குப் படுக்கை விரிப்பவர் தூங்க முடியாது என்றால் அந்த வித்தியாசம் கட்டடத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

10. இது எங்கள் கட்டடத்தோடு முடியும் விஷயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கடைவீதிக் கடைகளின் மாடிகளில் முன்பு தையல்காரர்களும் ஆசிரியர்களும் செவிலியர்களும் குடியிருந்தார்கள். மாடியை விடுதி அறையாக மாற்றுகிறவருக்குச் சொத்துவரியில் சலுகை தருவது என்று நகராட்சி முடிவெடுத்த பிறகு ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். எழுதுபொருள் கடைக்காரரிடம் இதைப் பேசிப் பார்த்தேன். நல்ல மனிதர், நூலகத்துக்கு நாற்காலிகள் வாங்கிக் கொடுத்தவர். "மேடம், ரெண்டு ராத்திரி தங்குறவன் குடுக்குறத ஒரு மாசம் இருக்குறவன் குடுப்பானா? சலுகையும் அவனுக்கு விட்டாத்தான் குடுக்குறாங்க. நான் என்ன பைத்தியமா?" என்றார். அவர் சொல்வதில் தவறு காண முடியவில்லை. சலுகை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மாடிகள் திரும்புகின்றன.

வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஊழியர்களைக் கடைவீதியில் குடிவைத்தால் பால்கனியில் துணி காயப்போடுவார்கள், பார்க்க நன்றாக இருக்காது என்று ஒருவர் சொன்னார். அதே கூட்டத்தில், அதே மனிதர், வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, வருகிறவனும் ஒரு சீசன் தாங்குவதில்லை என்றும் வருத்தப்பட்டார். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் எழுந்து பேசவில்லை. கூட்டங்களில் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

11. மனுவில் சொந்த நலன் எதுவும் இல்லை என்று எழுதுவது வழக்கம். எனக்கு உண்டு. வாசிப்பு அறை வாசிப்பு அறையாக இருக்க வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். தூங்குகிறவரை எழுப்பி வெளியே அனுப்புவதால் அது நடக்காது. அவருக்குப் படுக்க ஓர் அறை இருந்தால் நடக்கும். எனவே கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறேன்:

அ) மேல்தளத்துக்கான ஏலத்தை ரத்து செய்து, நான்கு அறைகளையும் கடைவீதியில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு வாடகைக்குத் தர வேண்டும். இப்போது அவர்கள் கீழே வாடகைக்கும் பேருந்துக்கும் செலவழிப்பதைவிட அந்த வாடகை அதிகமாக இருக்கக் கூடாது. வேலையில் இருக்கும் வரை குடியிருக்கலாம் என்று நிபந்தனை வைக்கலாம். உள்வாடகைக்கு விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

ஆ) மாடிகளை விடுதியாக மாற்றுவோருக்குத் தரப்படும் வரிச் சலுகையை, ஊழியர்களுக்கு மாத வாடகைக்கு விடுவோருக்கும் தர வேண்டும். முடிந்தால் அவர்களுக்கு மட்டும்.

இ) புதிதாக விடுதி கட்ட அனுமதி கேட்பவரிடம், அவருடைய ஊழியர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்ற கேள்விக்கும் பதில் வாங்க வேண்டும்.

ஈ) அதுவரையில் வாசிப்பு அறை குறித்த சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும்.

12. ஆ, இ ஆகிய இரண்டுக்கும் நகர்மன்றத்தின் ஒப்புதல் வேண்டும், ஆண்டுகள் ஆகலாம் என்பதை அறிவேன். அதற்காகக் காத்திருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. முதல் கோரிக்கை அப்படி இல்லை. ஏலம் இம்மாத இறுதியில். பள்ளி முடிவதும் அப்போதுதான். சமையல்காரரின் மனைவி மாதக் கடைசியில் மகளுடன் பேருந்து ஏறுகிறார்.

இப்படி மனு கொடுக்கப்போவதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் காத்திருப்பார்கள். காத்திருக்கவைக்க எனக்கு உரிமை இல்லை. அந்த நான்கு அறைகளில் ஒன்றைத் தருவதாகத் தாங்கள் முடிவெடுத்தால், அன்றே ஒரு வரி எழுதி அனுப்புங்கள், நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். தருவதற்கில்லை என்றால் அதையும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பரிசீலனையில் இருக்கிறது என்ற பதிலை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பிள்ளைக்கு இங்கே மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும், அந்த ஊர்ப் பள்ளியில் இடம் கேட்க வேண்டும். பள்ளி அலுவலகம் அடைப்பதற்கு முன் அந்தத் தாய் அதைச் செய்தாக வேண்டும்.

நாள்: ஏப்ரல் 8
இடம்: பொது நூலகம், கடைவீதி

மரியாதையுடன்,
(கையொப்பம்)
நூலகர்