டிராயரில் இருந்த வலி மாத்திரைகள்

டெய்லரம்மா,

முதல் பஸ்ஸை நான்தான் எடுக்க வேண்டும். நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை.

மிஷின் டிராயரில் இருந்த வலி மாத்திரைகளைத் தேடாதே, நான் எடுத்துக்கொண்டேன். நேற்று அவற்றைப் பார்த்ததும் கத்திவிட்டேன். "கிட்னி கெட்டதே இதாலதான்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, மறுபடியுமா?" என்றேன். "அஞ்சு வருஷமா வாங்கித் தந்தது யாரு?" என்று கேட்டாய். நான்தான். முதுகுவலி தீர்ந்தால் சரி என்றிருந்தேன். உன் கால் வீங்கியதையும், உடம்பு அரித்ததையும், சோறு பிடிக்காமல் போனதையும் வேலை அலுப்பு என்று விட்டுவிட்டேன். மன்னித்துவிடு.

இந்தச் சண்டையில் நேற்று டாக்டர் சொன்ன நல்ல சேதியைப் பேசவே இல்லை. "போனது திரும்பாதும்மா, ஆனா மூணு மாசமா மேல கெடலை. உப்பும் பிரஷரும் கட்டுக்குள்ள இருந்தா இப்படியே ஓட்டலாம்" என்றாரே! அதை நினைத்து விசிலடித்துக்கொண்டே சமைத்தேன்.

பிரஷர் மாத்திரையை மறக்காதே. யூனிபார்ம் கேட்டு டீச்சர் வந்தால் நாளைக்கு என்று சொல். முதுகு வலித்தால் படுத்துக்கொள், மத்தியானம் வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன்.

உன் டிரைவர்

ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, இதையும் எழுதிவிடுகிறேன்: குழம்பு சப்பென்றுதான் இருக்கும். என் டிபன் பாக்ஸிலும் அதேதான்.