மெழுகுக்குள் ஒரு சாட்சி

என் பிரியமான அக்காவுக்கு,

நீ போய் இத்தனை வருஷம் கழித்து, சென்னையில் உனக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அன்று உன் மார்பிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்களாம். புதிதாக ஒரு சோதனை செய்யச் சம்மதம் வேண்டுமாம். உன்னை எரித்துச் சாம்பலைக் கரைத்த பிறகு இவர்களிடம் எப்படி மிச்சம் இருக்கும்? உனக்கு எதில்தான்டா சந்தேகம் வராது என்று நீ கேட்பாய்.

பாவா மேல், அதாவது உன் வீட்டுக்காரர் மேல், எனக்கிருந்த சந்தேகம் உனக்குத் தெரியாது. கட்டியைப் பார்த்து இரண்டே மாதத்தில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதாக பாவா சொன்னார். நான் நம்பவில்லை. இரண்டு மாதத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வளருமா? கரும்பு வெட்டு முடியட்டும் என்று உன்னைக் காக்க வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். அன்றிலிருந்து வருஷா வருஷம் மணவூரில் உங்கள் வீட்டில் நடக்கும் உன் படையலுக்குப் போவேன், கும்பிடுவேன், அந்த வீட்டில் கை நனைக்காமல் திருத்தணிக்குத் திரும்பிவிடுவேன்.

சம்மதம் கொடுத்தோம். சோதனை முடிந்து என்னையும் பாவாவையும் கூப்பிட்டார்கள். "துண்டு மாறியிருக்காதுன்னு எப்படிங்க நம்பறது?" என்று கேட்டேன். டாக்டரம்மா முகம் சுளிக்காமல் அதில் ஒட்டியிருந்த உன் பெயரைக் காட்டினார்.

செல்லின் மேல்தோலில் ஒரு புரதம் இருக்கிறதாம். வளரச் சொல்லும் சேதியை வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. உன் கட்டியில் அது அளவுக்கு மீறி அப்பிக் கிடந்ததாம். அந்த வகை வேகமாக வளரும், சீக்கிரம் பரவும் என்றார். இப்போது அந்தப் புரதத்தையே அடக்க மருந்து வந்திருக்கிறது. உனக்கு என்ன அக்கா அவ்வளவு அவசரம்?

"அப்ப பாவா சொல்ற மாதிரி ரெண்டு மாசத்துல அவ்ளோ பெருசாவுங்களா?"

"ஆகலாம். அவர் சொன்னது பொய்யாத்தான் இருக்கணும்னு இல்லை. நிச்சயமா யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் பாவா சொன்னார். "நான் பார்த்ததுலேர்ந்துதான்டா ரெண்டு மாசம். அவ எத்தினி நாளா மறைச்சிகினு இருந்தாளோ, எனக்கு எப்படித் தெரியும்?"

அப்படியானால் கரும்பு வெட்டு முடியட்டும் என்று நினைத்தது நீதானா? குளிக்கும்போது கையில் பட்டதை யாரிடமும் சொல்லாமல் வெட்டு ஆட்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாயா? எனக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

பாவா மேல் சந்தேகம் முழுதாகப் போய்விட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வருகிற படையலன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து கை நனைப்பேன். சாப்பிட்டு எழுந்ததும் உன் போட்டோ முன்னால் வந்து நிற்பேன். இனி நான் கேட்க வேண்டியது உன்னிடம்தான்.

உன்னைக்கூட நம்பாத,
உன் தம்பி