சௌந்தரம் அழித்த கணக்கு

பெக்கோக் தோட்டம், 1934

சௌந்தரத்தின் தாத்தா அவர்களுக்கு, வெள்ளையம்மா வணங்கி எழுதியது. இருமல் தணிந்ததா? நாங்கள் சுகம்.

தோட்டப் பள்ளியில் கணக்குப் பரீட்சை நடந்தது. இவ்வருஷம் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே கேள்விகளாம். நம் பேத்திதான் முதலில் முடித்தாள். இரண்டு பேருக்கு ஒரு சிலேட்டுதானே? வழக்கம்போல் அழித்துவிட்டு பக்கத்துப் பிள்ளை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டாள். விடைகளைப் பார்க்கப் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தபோது காட்ட ஒன்றுமில்லை. பெயில்.

"இன்னொருக்கா போடச் சொல்லுங்க சாமி, அவளுக்கு எல்லாம் தெரியும்" என்று வாத்தியாரிடம் கெஞ்சினேன்.

"தெரியும் பாட்டி. ஆனா ஒரு தடவைதான், துரை உத்தரவு" என்றார்.

பெயிலான பிள்ளைகளுக்கு இனிப் பள்ளி இல்லை, புல்லுவெட்டுதான். சௌந்தரம் அழவில்லை. "அஞ்சலை பாஸாயிட்டா பாட்டி" என்று மட்டும் சொன்னாள்.

கப்பலேறி வருகிற யாரிடமாவது ஒரு சிலேட்டு கொடுத்தனுப்புங்கள், அவளுக்கென்று தனியாக. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடிக்கிறது. அவளை எழுப்பி வேலைக்கு அனுப்ப வேண்டும்.

வெள்ளையம்மா